சார்ஜென்ட் வரை இறங்கிய அதிகாரம்: ஜெர்மன் படையில் முடிவெடுக்கும் உரிமை, 1806–1941

நோக்கத்தை மட்டும் சொல்லி, வழியைக் கீழுள்ளவரிடம் விடும் ஜெர்மன் படையின் புகழ்பெற்ற ‘அவுஃப்ட்ராக்ஸ்டாக்டிக்’ முறை பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. 1806 அக்டோபர் 14 அன்று யேனாவிலும் ஆவர்ஸ்டெட்டிலும் நெப்போலியனின் படையிடம் பிரஷ்யா நொறுங்கியது. ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் போன்ற அதிகாரிகள் படையைச் சீர்திருத்தி, கீழுள்ளவர்களுக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் தந்தார்கள் என்பது அது. ஆனால் அந்தச் சுதந்திரம் ஒரே மூச்சில் தரப்பட்டதன்று. அது படிப்படியாக, பெரும்பாலும் எதிரியின் துப்பாக்கிக்கு அஞ்சியே, சார்ஜென்ட் வரை இறங்க 110 ஆண்டுகள் பிடித்தன.

சீர்திருத்தத்தின் பகுதியாக வந்த 1808ஆம் ஆண்டின் ஆணை செய்தது வேறொன்று. அதிகாரி பதவிக்கு இனிப் பிறப்பு தகுதியன்று. அமைதிக் காலத்தில் அறிவும் கல்வியும், போரில் வீரமுமே தகுதி என்றது. 1810இல் பெர்லினில் போர்க் கல்லூரி தொடங்கியது. அதிகாரம் இன்னும் மேலேயே இருந்தது. அதைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளக் கூடிய மனிதர்கள் உருவாகத் தொடங்கினார்கள்.

முதல் இறக்கம் மோல்ட்கேயின் காலத்தில் நிகழ்ந்தது. 1857இல் ஜெனரல் ஸ்டாஃபின் தலைமையேற்ற அவர், ரயில் வழியே தனித்தனியாக நகரும் படைகளை ஒரே இடத்திலிருந்து இழுத்துப் பிடிக்க முடியாது என்று கண்டார். நோக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும், வழியைக் களத்தில் இருப்பவர் தேட வேண்டும். 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிரேட்ஸ் போரில், பட்டத்து இளவரசரின் படைக்கான அழைப்பு முந்தைய இரவில் தந்தியில் அல்ல, குதிரையில்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைய போரில் ஒரு தளபதி, உத்தரவெல்லாம் சரிதான், இந்த மோல்ட்கே யார் என்று கேட்டாராம். கதையாகவே இருக்கட்டும், படைகளுக்கு நேரடியாக ஆணையிடும் உரிமை மோல்ட்கேக்குக் கிடைத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்தச் சுதந்திரத்துக்கு ரத்தத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. பிரான்சுடனான போரில், 1870 ஆகஸ்டில் தளபதி ஸ்டைன்மெட்ஸ் தன் விருப்பப்படி ஸ்பிஷெரன் பக்கம் படையைத் திருப்பி, மோல்ட்கேயின் திட்டத்தையே குழப்பினார். கிராவலோட்டில் வீணான தாக்குதல்களில் ஆட்களை இழந்தார். அடுத்த மாதமே பதவி போயிற்று. எனினும் கொள்கையை மோல்ட்கே கைவிடவில்லை.

அடுத்த படிக்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் ஷாஸ்போ துப்பாக்கி. பிரஷ்ய ஊசித் துப்பாக்கியைவிட ஏறத்தாழ இரு மடங்கு தூரம் சுடக்கூடியது அது. 1870 ஆகஸ்ட் 18 அன்று சான் பிரிவாவில் நெருக்கமான அணிகளில் முன்னேறிய பிரஷ்யக் காவற்படை சுமார் 8,000 பேரை இழந்தது. ஆட்கள் சிதறி நிற்காவிட்டால் சாவார்கள். சிதறிவிட்டால் கர்னலின் குரல் எட்டாது. ஜெனரல் ஷ்லிக்டிங்கின் கருத்துகள் படிந்த 1888ஆம் ஆண்டின் காலாட்படை விதிநூல், அதனால் கம்பெனித் தலைவரிடம் முடிவை விட்டது. எல்லாருக்கும் ஒரே தாக்குதல் வடிவம் வேண்டும் என்று கேட்டவர்கள், படை கலைந்து போகும் என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். அவர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை.

கம்பெனித் தலைவரான கேப்டனுக்குக் கீழே 1914 வரை பெரிதாக எதுவும் இறங்கவில்லை. பதுங்குகுழிப் போர்தான் அதை மாற்றியது. 1915இல் கேப்டன் வில்லி ரோர் பொறுப்பேற்ற சோதனைப் பிரிவு கையெறி குண்டு, தீப்பிழம்பு எறிவி, இலகு பீரங்கி ஆகியவற்றைச் சிறு குழுக்களிடம் தந்தது. குழுவை நடத்தியவர் பெரும்பாலும் சார்ஜென்ட். 1916இல் வெர்தூனில் இம்முறை சோதிக்கப்பட்டது. பிறகு பிற பிரிவுகளிலிருந்தும் ஆட்களை வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். இதுவே உண்மையான சிற்றணித் தலைமை. ஆனால் 1918 மார்ச் 21 அன்று தொடங்கிய தாக்குதலில் அதன் எல்லையும் தெரிந்தது. சார்ஜென்ட்கள் வரிசைகளைப் பிளந்தார்கள். பிளந்த பின் எங்கே போவது என்பதில் தாக்குதலை வழிநடத்திய லூடன்டார்ஃபிடமே தெளிவில்லை.

வெர்சாய் உடன்படிக்கை 1,00,000 பேருக்குச் சுருக்கிய படையில், ஒவ்வொருவரும் தனக்கு மேற்பட்ட பதவிக்கும் பயிற்றுவிக்கப்பட்டார். 1933ஆம் ஆண்டின் ‘ட்ருப்பென்ஃப்யூருங்’ நூல் இந்த மரபை விதியாக்கியது. ஆனால் முதுகில் மேலிடத்தின் தந்திக் கம்பியோடு போரிடும் தளபதியின் நிலை பரிதாபமானது என்று மோல்ட்கே எப்போதோ எழுதியிருந்தார். ரேடியோ வந்ததும் அந்தக் கம்பி இன்னும் நீண்டது. 1941 டிசம்பரில் மாஸ்கோ முனையில் எவரும் பின்வாங்கக் கூடாது என்று ஹிட்லர் ஆணையிட்டார். தரைப்படையின் நேரடித் தலைமையையும் தானே எடுத்துக்கொண்டார். களநிலைமையைச் சொல்லித் துருப்புகளைப் பின்னிழுத்த தளபதி குடேரியன் அந்த மாத இறுதியிலேயே நீக்கப்பட்டார்.