தஞ்சாவூர் வாடலும் காளான் நாற்காலியும்

தஞ்சையின் பெயரைத் தாங்கிய பொருள்கள் பல. தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் வீணை, தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டிப் பொம்மை என்று நாம் பெருமையோடு எண்ணிச் சொல்வதுண்டு. ஆனால் வேளாண் நூல்களில் நம் ஊரின் பெயரால் ஒரு நோயும் வழங்குகிறது என்பதைப் பலரும் அறியார். தென்னையைக் கொல்லும் அந்நோய்க்குத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர். அதை உண்டாக்குவது கானோடெர்மா என்னும் காளான். அதே இனத்துக் காளானைக் கொண்டு மேலை நாடுகளில் நாற்காலி செய்திருக்கிறார்கள் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

காவிரிப் படுகைக்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள உறவு நெடுங்காலமாகப் பகையுறவே. நீரும் வெப்பமும் நிறைந்த மண்ணில் நெல் செழிக்கும்; நெல்லைத் தின்னும் பூஞ்சணமும் செழிக்கும். 1919-ஆம் ஆண்டில் தஞ்சைக் கழனிகளில் குலைநோய் பெருவாரியாகப் பரவியது. கதிர் வெளிவந்த பின்னும் கழுத்து கறுத்து ஒடிந்து, மணி பிடியாமல் பதராயிற்று. 1922-இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கோயம்புத்தூரிலும் அந்நோயைத் தாங்கி நிற்கும் நெல் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் பணி நடந்தது.

அடுத்த அடி தென்னைக்கு விழுந்தது. 1952-இல் வீசிய பெரும் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத் தோப்புகளில் வாடல் நோய் வெளிப்பட்டது. அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு கசியும், கீழ்மட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும், குரும்பைகள் உதிரும். இறுதியில் மரத்தின் அடியில் விசிறிபோல் ஒரு காளான் பளபளத்து நிற்கும். அது தலைகாட்டும்போது மரத்தைக் காப்பாற்றும் காலம் கடந்திருக்கும். பட்டுப்போன அடிக்கட்டையிலும் மண்ணிலும் தங்கியிருந்து, பக்கத்து மரத்தின் வேரைப் பற்றுவது அதன் இயல்பு.

பூஞ்சணத்தின் மற்றொரு முகத்தையும் தமிழகம் கண்டது. 1940-களிலேயே கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் வைக்கோலில் காளான் வளர்த்து, அதை உணவாக்கும் முறையை வகுத்தார்கள். பின்னர்ச் சிப்பிக்காளான் வந்தது. மகளிர் குழுக்கள் அதைக் குடிசைத் தொழிலாக ஏற்றுக்கொண்டன. அறுவடை முடிந்த காளான் படுக்கையின் பாலித்தீன் உறையைக் கிழித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: உள்ளே இருந்த வைக்கோல் உதிர்வதில்லை. வெண்மையான நூலிழைகள் ஊடுருவிப் பின்னியதால் அது ஒரே கட்டியாய் நிற்கும். நாம் அதை எருக்குழியில் எறிந்துவிடுகிறோம்.

உலகின் மறுபுறத்தில் சிலர் அக்கட்டியை எறியாமல் கையில் எடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் நியூயார்க் மாநிலத்தில் ஈபன் பேயர், கேவின் மெக்கின்டயர் என்னும் இரு இளைஞர்கள் ஈகோவேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தெர்மாகோலுக்கு மாற்றாக இப்பொருளை வளர்த்தார்கள். செய்முறை எளிது. வைக்கோல் போன்ற கழிவை நறுக்கி, நீரில் நனைத்து, ஆவியில் வேகவைத்துப் பிற கிருமிகளைக் கொல்வார்கள். ஆறியபின் காளான் வித்தைக் கலந்து, வேண்டிய வடிவுள்ள அச்சில் நிரப்புவார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இழைகள் பின்னி அச்சை நிறைத்துவிடும். பிறகு சூடேற்றி உலர்த்தினால் வளர்ச்சி நின்று, பலகை கிடைக்கும்.

பிலிப் ராஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் கானோடெர்மாவிலிருந்தே செங்கற்கள் செய்து, 2009-இல் ஜெர்மனியில் ஒரு சிறு தேநீர்க் குடிலை எழுப்பினார். பின்னர் நாற்காலிகளும் செய்தார். 2013-இல் நெதர்லாந்தின் எரிக் கிளாரன்பீக் வைக்கோல் தூளையும் காளானையும் கலந்து ஒரு நாற்காலியை வடித்தார். 2014-இல் நியூயார்க்கில் சோளத்தட்டையும் காளானும் சேர்ந்த ஏறத்தாழ 10,000 செங்கற்களால் ஒரு கோபுரம் எழுந்தது. 2016-இல் நமக்கு அண்மையிலுள்ள கொச்சியிலும், தென்னை நார்க்கழிவைக் கொண்டு ஒரு காளான் பந்தல் வளர்க்கப்பட்டது.

இவற்றைக் கேட்டவுடன் மயங்கிவிடலாகாது. இப்பலகை இலேசானது, வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் நீரை உறிஞ்சும். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுச் சுவர்களே வியர்க்கும்போது இது என்னாகும் என்பதைச் சோதித்தறிய வேண்டும். தீயிலும் அவ்வாறே. இது தெர்மாகோலைப் போல் குபீரென்று எரியாமல் மெல்லக் கருகுகிறது என்கின்றன ஆய்வுகள். ஆயினும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகளை இழந்த மண் இது. பிள்ளைகளின் தலைக்கு மேல் எதை வைப்பதானாலும் தீர ஆராய்ந்தே வைக்கும் கடமை நமக்கு உண்டு. மேலும், தென்னந்தோப்புகள் சூழ்ந்த இப்பகுதியில் கானோடெர்மாவை உயிரோடு வளர்த்து வெளியே விடுவது அறிவுடைமை ஆகாது. அந்த வேலைக்குச் சிப்பிக்காளானே உதவும்.

2018 நவம்பரில் கஜா புயல் ஓய்ந்த பின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளுக்கு ஆறுதல் சொல்லச் சென்றோம். சாய்ந்து கிடந்த தென்னைகளின் நடுவே குடும்பங்கள் திகைத்து நின்றன. பிள்ளைபோல் வளர்த்த மரத்தை வெட்டி அகற்றவும் கூலி கொடுக்க வேண்டிய நிலை. 1952-இன் புயலுக்குப் பின் வந்தது மீண்டும் வருமோ என்று முதியவர்கள் அஞ்சினார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் சொற்கள் குறைவாகவே இருந்தன.

அந்த முகங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். குறுவை அறுவடையில் மழையில் நனைந்து பயனற்றுப் போகும் வைக்கோலும், நார்க்கழிவும், காளான் வளர்க்கக் கற்ற பெண்களின் கைகளும் நம்மிடம் இருக்கின்றன. இத்தொழில் ஒருநாள் இங்கு வருமானால், வைக்கோலை மலிவாய்க் கொடுத்துவிட்டு நாற்காலியை விலைக்கு வாங்குவோராக மட்டும் நம் மக்கள் நின்றுவிடக் கூடாது. பூஞ்சணத்தால் பயிரையும் மரத்தையும் இழந்தவர்கள், அதனால் வரும் ஊதியத்திலும் பங்கு பெறுவதே நீதி. நம் பங்கில் காளான் வளர்க்கும் சகோதரிகளிடம் அடுத்த முறை அந்த வெண்கட்டியை எருக்குழிக்கு அனுப்பும் முன் வெயிலில் உலர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம். முதலில் அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துப் பார்ப்போம்.