எழுபத்து மூன்று ஆண்டும் ஐந்து நாளும்

தோழர்களே, காலனி நாடுகள் ஜனநாயகத்துக்கு மாறிய கதையைத் தலைநகரத்தில் கொடி மாறிய தேதியை வைத்தே எழுதுகிறார்கள். டெல்லி 1947, அக்ரா 1957. நாம் இதே கும்மிடிப்பூண்டி வட்டத்து ஆத்துப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்தபின் ஆகஸ்ட் 20 அன்று ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நிற்க ஏற்றினார். ஐந்து நாள் தாமதம் என்றார்கள். என் கணக்கில் 73 ஆண்டும் ஐந்து நாளும்.

ஆப்பிரிக்காவைப் பற்றி மஹ்மூத் மம்தானி 1996இல் எழுதிய நூலில் ஒரு வாதம் உண்டு. வெள்ளையர் நகரத்தைச் சட்டத்தாலும் கிராமத்தைக் குலத்தலைவர்கள் வழியாகவும் ஆண்டார்கள். விடுதலைக்குப் பின் பல நாடுகளில் கிராமத்து அதிகாரம் அப்படியே நின்றது. குலத்தலைவர் என்ற இடத்தில் ‘ஊர்’ என்று போட்டுப் படியுங்கள், நமக்கு விளங்கும். ஒரு வேறுபாடு: அங்கே குலத்தலைவரைக் காலனி அரசே நியமித்தது, இங்கே ஊருக்கு அந்த நியமனம்கூடத் தேவைப்படவில்லை.

இலங்கையைப் பாருங்கள். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இலேயே அனைவருக்கும் வாக்கு. ஆசியாவில் அதுவே முதல். அதை எதிர்த்தவர்களில் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். கூலிக்காரனுக்கும் சாதி குறைந்தவனுக்கும் வாக்கா என்பதே மேட்டுக்குடியின் கவலை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1949இல் வாக்கும் போனது. வாக்கு கொடுத்தவன் வெள்ளையன், பறித்தது சுதந்திர நாடாளுமன்றம். கும்மிடிப்பூண்டி ஏதிலியர் முகாமில் பெரும்பாலோருக்கு இன்றும் இங்கே வாக்கில்லை. சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளியின் வாக்கோ பெரும்பாலும் அவன் ஊரிலேயே கிடக்கிறது. அதைத் தனியே பேச வேண்டும்.

இந்தியாவில் வாக்கைப் பறிக்கவில்லை. வென்றவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. 73ஆவது திருத்தம் வந்து, 1996இல் ஊராட்சிகளில் தனித்தொகுதி வந்ததும், 1997 ஜூன் 30 அன்று மேலவளவு தலைவர் முருகேசனும் உடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கிலும் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. பத்தாண்டு! ராணுவப் புரட்சி நடந்த நாடுகளைப் பட்டியலிடுகிற ஆய்வாளர்கள் இந்த நான்கு ஊர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார்: சாதிப் பாகுபாடின்றி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும். அப்போது குடியரசுக்கு வயது 72.