ஊர்ப்பெயரின் விலை



ஊரின் பெயரே பொருளின் பெயராக வழங்குவது நமக்குப் புதிதன்று. கலிங்க நாட்டிலிருந்து வந்த ஆடையைக் கலிங்கம் என்றே பண்டைத் தமிழர் அழைத்தனர். கள்ளிக்கோட்டையிற் கப்பலேறிய பருத்தித்துணி ஆங்கிலேயர் வாயிலே காலிக்கோ ஆயிற்று. கொற்கை என்றால் முத்து. காஞ்சிபுரம் என்றால் பட்டு. தென்னிலங்கைக் கடைகளிலே யாழ்ப்பாணம் என்றால் சுருட்டு. 1972ஆம் ஆண்டிலே நம் நாடு சிலோன் என்னும் பெயரைக் கைவிட்டது. ஆயினும் தேயிலைப் பெட்டி அப்பெயரைக் கைவிடவில்லை. நாட்டுக்கு வேண்டாத பெயர் தேயிலைக்கு வேண்டியிருந்தது. உலகத்துச் சந்தையில் ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த நம்பிக்கை அப்பெயருக்குள்ளேதான் இருந்தது. அந்நம்பிக்கையைத் தம் முதுகிற் சுமந்த கூடையால் ஈட்டிக்கொடுத்த தொழிலாளருக்கு அதன் விலையில் எவ்வளவு கிட்டியது என்பது வேறொரு பேச்சுக்குரிய பொருள்.

இப்பெயர்களெல்லாம் அரசராலும் வணிகராலும் காலப்போக்கில் உண்டானவை. வளமான நிலமோ துறைமுகமோ செல்வரின் ஆதரவோ இல்லாத ஒரு சிறு கிராமம், தானே திட்டமிட்டுத் தனக்கென ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ள முடியுமா? உண்டாக்கினால் அதன் பயன் அவ்வூரிலேயே தங்குமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் யப்பான் தேசத்தின் தென்பாகத்திலே, கியூசூ என்னும் தீவிலே உள்ள ஓயிட்டா மாகாணத்தின் கதையை அறிந்துகொள்வது நன்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானின் கைத்தொழில் வளர்ந்த வேகத்தைப் பலரும் வியந்து பேசுவர். அவ்வளர்ச்சிக்கு ஆள் கொடுத்தவை கிராமங்கள். பள்ளிப் படிப்பு முடிந்த இளைஞரும் கன்னியரும் புகையிரதமேறி ஒசாகாவுக்கும் தோக்கியோவுக்கும் சென்றனர். வயலிலும் மலையிலும் முதியோர் எஞ்சினர். ஆட்குறைந்த பிரதேசங்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்றையே 1970ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்ற நேர்ந்தது. இந்நோய் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் ஓயிட்டாவும் ஒன்று.

அம்மாகாணத்தின் மேற்கு எல்லையில் ஓயாமா என்றொரு கிராமம். ஆற்றின் இருமருங்கும் செங்குத்தான மலை. சமநிலம் மிகச் சிறிது. நெல் விளைவைப் பெருக்குக என்பதே அக்காலத்து அரசாங்கத்தின் கமத்தொழிற் கொள்கை. ஆனால், படிக்கட்டுப் போன்ற துண்டு வயல்களில் எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு குடும்பம் உண்ணும் அளவுக்கு மேல் என்ன மிஞ்சும்? கிராமத் தலைவராகவும் கமக்காரர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்த யஹாத்தா ஹருமி என்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தார். 1961ஆம் ஆண்டிலே அவர் கூறிய யோசனை பலரைத் திடுக்கிடச் செய்தது. நெல்லை விடுவோம், உமே மரமும் செஸ்நட் மரமும் நடுவோம், அவ்வருவாயைக் கொண்டு ஹவாய்த் தீவுக்குச் சுற்றுலாப் போவோம் என்பதே அவர் ஊராரை அழைத்த அழைப்பு.

உமே என்பது பிளம்ஸ் இனத்தைச் சேர்ந்த புளிப்புக் கனி. அதனை உப்பிலிட்டு உலர்த்தி ஊறுகாயாக்கிச் சோற்றோடு உண்பது யப்பானியர் வழக்கம். நம்மவர்க்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் எப்படியோ அவர்க்கு இது அப்படி. செஸ்நட் என்பது சுட்டும் அவித்தும் உண்ணும் கொட்டை. இரண்டும் மலைச்சரிவில் வளர்வன. நெல்லைப்போல் நாள்தோறும் முதுகு வளைக்கும் வேலையைக் கேளாதன. வயதானவரும் பெண்களும் சுமக்கக்கூடிய பாரமே அறுவடையில் உண்டு. ஊரிலேயே பதப்படுத்தி விற்றால் இலாபமும் ஊரிலேயே தங்கும். இவற்றையெல்லாம் யஹாத்தா எண்ணிப் பார்த்தே சொன்னார்.

ஹவாய் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். யப்பானியர் உல்லாசப் பயணமாகத் தாராளமாய் வெளிநாடு செல்ல அனுமதி கிடைத்ததே 1964 ஏப்ரில் மாதத்தில்தான். 1961இல் ஒரு மலைநாட்டுக் கமக்காரனிடம் ஹவாய் போவோம் என்பது சந்திரமண்டலம் போவோம் என்பதற்கு ஒப்பாகும். ஆனால் யஹாத்தா மனித மனத்தை அறிந்தவர். ஏக்கருக்கு இத்தனை இறாத்தல் விளைவு என்று சொன்னால் எந்த இளைஞன் ஊரில் நிற்பான்? நகரத்திலுள்ள தோழனுக்கும் கிட்டாத ஒன்று ஊரில் நிற்பவனுக்குக் கிட்டும் என்றால் அவன் சற்றே தரித்துக் கேட்பான். 1967ஆம் ஆண்டில் ஓயாமாவிலிருந்து முதற் குழுவினர் ஹவாய்க்குச் சென்றும் வந்தனர்.

மரம் நட்டவுடன் காய்ப்பதில்லை. நெல்லையும் விட்டு, கனியும் காணாத இடைக்கால ஆண்டுகள் அவ்வூருக்கு எளிதாக இருந்திருக்க மாட்டா. கிராமத்தவர் வேறு பயிர்களையும் தேடினர். பின்னாளிலே கூட்டுறவுச் சங்கம் காளான் வளர்ப்பை எடுத்துக்கொண்டது. கட்டடத்துள் ஆண்டு முழுவதும் வளரும் காளான் மாதந்தோறும் பணம் தந்தது. மரம் ஆண்டுக்கு ஒருமுறை தரும்; காளான் மாதமொருமுறை தரும்; மரக்கறி நாள்தோறும் தரும். ஒரே பயிரை நம்பி அமரும் தவற்றை ஓயாமா செய்யவில்லை. யாழ்ப்பாணத்தார் இவ்விடத்தைக் கூர்ந்து கேட்பது நன்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் நம் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருவாரியாகச் சென்றது. பொருளும் ஒன்று, சந்தையும் ஒன்று. கடலுக்கு அப்பாலுள்ள அரசு விதித்த வரியும் கட்டுப்பாடும் இங்கே தோட்டத்துக்குத் துலாமிதித்து நீரிறைத்தவனின் அடுப்பைத் தீர்மானித்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சந்தை தேய்ந்தபோது நம்மவர் பட்ட இடர் கொஞ்சமன்று.

ஓயாமாவின் கதையிலே பிறிதொரு பகுதி, ஆசிரியத் தொழிலிலே முடி நரைத்த எனக்கு மிகவும் உவப்பானது. மரம் நடும் இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், 1965இல், அவ்வூரார் இரண்டாவது இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். அது மரத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. பணம் வந்தபின் கல்வியும் பண்பும் வளராவிட்டால் அப்பணம் ஊரில் நில்லாது என அவர்கள் கருதினர். இளைஞரை இஸ்ரேல் நாட்டின் கிபுத்ஸ் என்னும் கூட்டுப்பண்ணைகளுக்கு அனுப்பி, அங்கே வேலைசெய்து கற்றுவரச் செய்தனர். நம் பள்ளிக்கூடங்களோ நெடுங்காலமாக ஊரைவிட்டு வெளியேறும் வாயில்களாகவே இருந்துவந்துள்ளன. பரீட்சையிற் சித்தியெய்தியவன் உத்தியோகத்துக்குப் போவான். தவறியவன் தோட்டத்துக்குப் போவான். தோட்டம் தண்டனையாகக் கருதப்படும் ஊரிலே தோட்டத்துப் பொருளுக்கு மதிப்பு எங்ஙனம் உண்டாகும்?

ஓயாமா போன்று தன்வழியே முயன்ற இன்னோர் ஊர் அம்மாகாணத்திலே உண்டு. அதன் பெயர் யூபுயின். வெந்நீர் ஊற்றுக்கள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. அருகிலே பெப்பு என்னும் பெருநகரம். அங்கும் வெந்நீர் ஊற்றுக்கள். வண்ண விளக்குகளும் மாடமாளிகைகளும் திரள் திரளாக வரும் பயணிகளும் அந்நகரின் சிறப்பு. யூபுயின் அதனைப்போல் ஆக முயன்றிருக்கலாம். ஆனால் 1952இல் பள்ளத்தாக்கையே நீரில் ஆழ்த்தும் அணைத்திட்டம் வந்தபோது இளைஞர் திரண்டு எதிர்த்தனர். 1970இல் ஈரநிலத்தருகே கொல்ப் மைதானம் அமைக்கும் முயற்சி எழுந்தபோது மறுபடியும் எதிர்த்தனர். அடுத்த ஆண்டிலே விடுதி நடத்தும் இளைஞர் மூவர் ஐரோப்பாவுக்குச் சென்று, ஜேர்மனியின் சிறிய வெந்நீரூற்று ஊர்களைப் பார்த்துத் திரும்பினர். அமைதியும் பசுமையும் வெளியுமே ஓர் ஊருக்கு வேண்டிய செல்வம் என்பது அவர்கள் கொண்டுவந்த பாடம். 1975இல் நிலநடுக்கம் நேர்ந்து, ஊர் அழிந்துபோயிற்று என்னும் வதந்தி பரவவே பயணிகள் வரவு குன்றியது. அப்போது அவர்கள் விளம்பரப் பலகை நாட்டவில்லை; குதிரை வண்டி ஓட்டினர், இசைவிழா நடத்தினர், அடுத்த ஆண்டு திரைப்பட விழாவும் நடத்தினர். திரைப்பட மாளிகை ஒன்றுகூட இல்லாத ஊரிலே திரைப்பட விழா! அதனாலேயே நாடு முழுதும் அவ்வூரைப் பற்றிப் பேசிற்று.

இவ்விரண்டு ஊர்களையும் உற்று நோக்கியவர் ஹிராமத்சு மொரிஹிக்கோ. ஓயிட்டாவிற் பிறந்து, தோக்கியோவிலே வர்த்தக கைத்தொழில் அமைச்சில் உயர் பதவி வகித்து, ஊர் திரும்பி 1979ஆம் ஆண்டில் மாகாண ஆளுநரானவர். அவ்வாண்டிலேயே ‘ஓர் ஊர், ஒரு பொருள்’ என்னும் இயக்கத்தை அவர் அறிவித்தார். மாகாணத்திலுள்ள 58 நகரங்களும் பட்டினங்களும் கிராமங்களும் ஒவ்வொன்றும் தன் பெயர் சொல்லத்தக்க பொருள் ஒன்றையேனும் கண்டுபிடித்து, நாட்டிலும் உலகிலும் மதிக்கத்தக்க தரத்துக்கு அதனை உயர்த்த வேண்டும் என்பதே திட்டம். இதில் வியப்பு யாதெனில், ஆளுநர் பணம் தருவதாகச் சொல்லவில்லை. மானியம் கொடுத்தால் மானியம் உள்ளவரையே முயற்சி நிற்கும் என்பது அவர் கருத்து. பொருளைத் தெரிந்தெடுப்பதும் ஊரார் பொறுப்பே. அரசாங்கம் ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் பயிற்சிக்கும் துணைநிற்கும், அவ்வளவே. 1983முதல் மாகாணமெங்கும் மாலைப்பள்ளிகள் தொடங்கப்பட்டன. பகலெல்லாம் வயலிலும் கடையிலும் உழைத்தவர்கள் இரவில் வந்து கூடி, தங்கள் ஊரில் வெற்றி கண்டவர்களின் அனுபவத்தைக் கேட்டனர்.

பெயருக்கு எத்தகைய விலை உண்டு என்பதை நன்கு விளக்குவது சாகனோசெக்கி மீனவரின் செயலாகும். கியூசூவுக்கும் சிக்கொக்குவுக்கும் இடையிலுள்ள நீரிணையிலே நீரோட்டம் கடுமையானது. அங்கே வளரும் மீனின் தசை இறுகியது. நம் கும்பளாவின் இனத்து மீன் ஒன்று அங்கு உண்டு. யப்பானிலே அது பொதுவாக மலிவான மீன். சாகனோசெக்கி மீனவர் அதனை வலைவீசிப் பிடியாது, தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பர். உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து, தராசில் இட்டால் மீன் துடித்து நலியும் என்று நிறுக்காமலே, நீரில் நீந்தும் மீனைக் கண்ணால் மதித்து வாங்குவர். ‘முகம் பார்த்து வாங்குதல்’ என்பது அவர் வழக்கு. 1996இல் தம் ஊர்ப்பெயரோடு இணைந்த ‘செக்கி சபா’ என்னும் மீன்பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவுசெய்தனர். மலிந்த மீன் பன்மடங்கு விலை பெற்றது. எதிர்க்கரையிலுள்ள எஹிமே மாகாணத்து மீனவரும் அதே நீரிணையில் அதே மீனைப் பிடிப்பவரே. அவரும் பின்னர் தம் முனையின் பெயரைத் தம் மீனுக்குச் சூட்டிக்கொண்டனர்.

ஓயாமா நெல்லை மறுத்தது. யூபுயின் அணையையும் கொல்ப் மைதானத்தையும் மறுத்தது. சாகனோசெக்கி வலையையும் தராசையும் மறுத்தது. பெயர் என்பது பொட்டலத்தின் மேல் ஒட்டும் வண்ணச் சீட்டு என எண்ணுவோர், அச்சீட்டின் பின்னால் உள்ள இம்மறுப்புக்களை எண்ணுவதில்லை. தாய்லாந்து அரசாங்கம் 2001இல் இவ்வியக்கத்தைத் தழுவி, ஒவ்வொரு தம்பொனுக்கும் ஒரு பொருள் எனப் பெருந்திட்டம் வகுத்தது. ஆபிரிக்க நாடுகள் சிலவும் அவ்வழி சென்றன. மேலிருந்து வரும் கட்டளையால் பொருள்கள் எண்ணிக்கையிற் பெருகும். ஒரே சவர்க்காரமும் ஒரே பழப்பாகும் பத்து ஊர்ப் பெயர்களில் வரும்போது எப்பெயருக்கு என்ன பொருள்?

ஓயிட்டாவிலும் எல்லா ஊர்களும் ஓயாமா ஆகிவிடவில்லை. சில பொருள்கள் பெரும்புகழ் பெற்றன. பல ஊர்களின் பொருள்கள் தெருமுனைக் கடையைத் தாண்டவில்லை. இளைஞர் வெளியேறுவதும் முற்றாக நின்றுவிடவில்லை. மாகாணத்தின் குடித்தொகை இன்றும் குறைந்துகொண்டே செல்கிறது. யூபுயினுக்குப் பயணிகள் மிகுதியாக வந்ததால், அமைதிக்குப் பேர்போன அதன் தெருவிலே நெரிசல் புதிய கவலையாயிற்று. ஹிராமத்சு 2003இல் பதவி நீங்கினார். அதன்பின் நாடெங்கும் நடந்த உள்ளூராட்சி இணைப்பிலே ஓயிட்டாவின் 58 ஊராட்சிகள் 18 ஆகச் சுருங்கின. 2005ஆம் ஆண்டில் ஓயாமாவும் ஹித்தா என்னும் நகரத்தோடு இணைக்கப்பட்டது. தனி ஊராட்சியாக அதன் பெயர் மறைந்தது.

ஆனால் அதன் கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் பெரிய சங்கத்தோடு இணைய இசையாமல் தனித்தே நிற்கிறது. 1990ஆம் ஆண்டில் அச்சங்கம் திறந்த சந்தை இன்றும் நடைபெறுகிறது. அங்கே மரக்கறிக்கும் ஊறுகாய்க்கும் விலை குறிப்பவர் விளைவித்தவரே. ஊரிலுள்ள பெண்கள் தம் வீட்டில் ஆக்கும் கறிகளையே அங்குள்ள உணவுச்சாலையிலும் ஆக்கிப் பரிமாறுகின்றனர். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஓயாமா என்னும் பெயரோடு, அதனை விளைவித்த கமக்காரரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது.