பெட்ரோலில் கலந்திருந்த ஈயம்

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்புதான் நமக்கு ஞாபகம் வரும். அது வெள்ளீயம். நான் சொல்லப் போவது காரீயத்தைப் பற்றி. 1989ல் நான் வேலைக்கு டெல்லி வந்தபோது இந்த ஊர் பெட்ரோலில் அது இருந்தது.

கதை ஆரம்பிப்பது 1921ல், அமெரிக்காவில். என்ஜின் 'டொக் டொக்' என்று இடிக்காமல் ஓட, பெட்ரோலில் ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். கடைக்கு வந்தபோது அதன் பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற வார்த்தையே கிடையாது!

1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலை ஒன்றில் அந்தத் திரவத்தைத் தயாரித்த 5 தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அதில் கை கழுவி, மோந்தும் காட்டினார். இத்தனைக்கும் 1923ல் ஈய விஷத்துக்காக லீவு எடுத்தவர் அவர் :-(

உடம்புக்கு ஈயமும் கால்சியமும் ஒரே மாதிரி. அதனால் எலும்பில் பல வருஷம் தங்கிவிடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு பாதிக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகம். 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில், நாலு பெருநகரங்களில். யாருக்காக? கேடலிடிக் கன்வர்ட்டர் பொருத்திய புதுக் கார்களுக்காக. ஈயம் பட்டால் கன்வர்ட்டர் கெட்டுவிடுமாம். ஸ்கூட்டருக்கும் பழைய காருக்கும் பழைய பெட்ரோல்தான். அந்தப் புகைக்குழாய் உயரத்தில்தான் நம் பிள்ளைகள் மூக்கு இருந்தது. டெல்லியில் ஈயப் பெட்ரோல் முழுசாக நின்றது 1998ல். நாடு முழுக்க 2000 பிப்ரவரியில். உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல்.

என் பெண் 1992ல் இங்கேதான் பிறந்தாள். மெயின் ரோட்டு ஓரம் வீடு. அந்த நாளில் எந்த டாக்டரும் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னதில்லை. இப்போது அவள் ஆறு மாசம். கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து எலும்பில் உள்ள ஈயமும் ரத்தத்துக்கு இறங்கி, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். எண்பது, தொண்ணூறுகளில் பெரிய நகரங்களில் வளர்ந்த பெண்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். பால், தயிர், கேழ்வரகு என்று கால்சியம் குறையாமல் சாப்பிடச் சொல்லுங்கள். என் பெண்ணுக்கு அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறார்கள்.