ஊர் பார்க்க வருபவர்களுக்கு நாம் என்ன காட்டுகிறோம்?

மே மாத விடுமுறை தொடங்கிவிட்டால் கரமனையில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் பாய்க்கும் தலையணைக்கும் பஞ்சம் வந்துவிடும். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்கள் வருவார்கள். காலையில் பத்மநாப சுவாமி கோவில், குதிரை மாளிகை, மதியம் மியூசியம், மிருகக்காட்சி சாலை, சாயங்காலம் வேளிக் காயலில் படகு, மறுநாள் கோவளம். "திருவனந்தபுரம் பாத்தாச்சு" என்று ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பல ஆண்டுகளாக இந்த வழிகாட்டி வேலையை நானும் செய்து வருகிறேன். ஒருமுறை மதுரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நம்மளது என்னடா இருக்கு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மகள், "ஒண்ணும் இல்ல தாத்தா, இது கேரளா" என்று சொல்லிவிட்டாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படிக்கும் குழந்தை. அவள் சொன்னது சரிதானா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோவில். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் திருவனந்தபுரத்துக்கே பாடியிருக்கிறார். மலையாளம் தனி இலக்கிய மொழியாக உருப்பெறாத காலம் அது. வாசலில் நிற்கும் ஏழுநிலைக் கோபுரம் சுமார் 100 அடி உயரம். கேரளக் கோவில்களில் நாம் வழக்கமாகக் காண்பது தாழ்ந்த கூரைகளை. இந்தக் கோபுரமோ தமிழ்நாட்டுக் கோபுர மரபில் எழுந்தது.

அடுத்து குதிரை மாளிகை. கூரையைத் தாங்குவதுபோல வரிசையாக நிற்கும் 122 மரக் குதிரைகளால் அதற்கு அந்தப் பெயர். அதைக் கட்டிய சுவாதித் திருநாள் மகாராஜா 1829 முதல் 1846 வரை ஆண்டவர். அவர் அவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான அவருக்கு மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அந்த மாளிகையை ஒட்டியிருப்பது நவராத்திரி மண்டபம். இதற்கும் நம் கரமனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருவிதாங்கூரின் பழைய தலைநகர் பத்மநாபபுரம். தலைநகர் இங்கு மாறிய பின், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என மூன்று தெய்வங்கள் ஊர்வலமாக வருவது வழக்கமாயிற்று. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட சிலை என்பது மரபு. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை கடந்து, கரமனை வழியாகத்தான் கோட்டைக்குப் போகிறார்கள். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நடுவில் மாநில எல்லை வந்தது, ஊர்வலம் நிற்கவில்லை. இன்றும் இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள்.

மியூசியத்துக்கு வருவோம். 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு, சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர். வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஸம். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஸம்தான்.

வேளிக் காயலில் படகில் போகும்போது பார்வதி புத்தனாறு பற்றி யாரும் சொல்வதில்லை. ராணி கௌரி பார்வதி பாயி (1815-1829) காலத்தில், வள்ளக்கடவிலிருந்து கடினங்குளம் காயல் வரை வெட்டப்பட்ட கால்வாய் அது. வடக்கே கொல்லம், ஆலப்புழை போகிறவர்களுக்கு அதுவே சாலை. தெற்கே கன்னியாகுமரி வரை இப்படியொரு நீர்வழி வேண்டும் என்று 1860-இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயைத் தொடங்கினார்கள். அது முழுமை பெறவில்லை. வேளிக்குப் பக்கத்தில்தான் தும்பா. 1963 நவம்பர் 21-இல் இந்தியாவின் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்தக் குழுவில் ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் இருந்தார்.

எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வராத ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆலப்புழையில் 1855-இல் பிறந்து, இந்நகரின் மகாராஜா கல்லூரியில் (இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி) தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை. அவருடைய 'மனோன்மணீயம்' 1891-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலில் உள்ளதுதான். நமக்கு அதுவரை தெரியும். திருவிதாங்கூரின் பழைய வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணையோடு முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய் வட்டெழுத்தையும் தமிழையும் படியெடுத்து, 12, 13-ஆம் நூற்றாண்டு வேணாட்டு அரசர்களை வரிசைப்படுத்தி, 1894-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இவ்வூர் மன்னர்களின் கதை தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணுக்கே முதலில் புலப்பட்டது.

இதையெல்லாம் சொல்வது 'எல்லாம் எங்களுடையது' என்று சண்டை பிடிக்க அல்ல. அப்படிச் சொன்னால் அது வரலாறும் ஆகாது, அயல்வீட்டாருக்கும் மரியாதை ஆகாது. இந்த நகரம் இரு மொழிகளும் சேர்ந்து கட்டிய வீடு. அதில் நம் குழந்தைகள் தங்களை விருந்தாளிகளாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்தால், அந்த வீட்டின் பத்திரம் கையில் இருந்தும் படிக்க முடியாத நிலைதான்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 டிசம்பரில் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பத்மநாப சுவாமி கோவிலின் மதிலகம் ஆவணங்களும், வட்டெழுத்து, கோலெழுத்து, பழந்தமிழ் எழுத்துச் சுவடிகளும் அங்கே உள்ளன. அடுத்த விடுமுறைக்கு உறவினர்கள் வரும்போது வேளிப் படகுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அங்கே போய் வாருங்கள். விளக்கம் சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டியாவது படித்துக் காட்டட்டும்.