பண்டு என்றால் பழையது என்று எழுதிவிட்டேன்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆட்டுக்கிடை போடுவதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். கிடைக்கு ராத்திரிக் காவல் யார் என்று கேட்டதும் திண்ணையில் இருந்த பெரியவர் சிரித்தார். "இப்ப நாய்தான் தம்பி காவல். எங்க அய்யா சொல்லுவாரு, பண்டு காலத்துல ஊருக்கு ஊரு கொம்பு வச்சிருந்தாகளாம். களவுன்னா ஊதுவாகளாம்."

'பண்டைக்காலத்தில் கொம்பு ஊதும் வழக்கம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இலக்கியம் படித்தவன் செய்யக்கூடிய தப்பு. கரந்தைத் திணை, ஆநிரை மீட்டல், நடுகல் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. பெரியவர் சொன்னது அவருடைய தாத்தா பார்த்த காலத்தை என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

புரிய வைத்தது எழும்பூர் ஆவணக் காப்பகம். வேறு எதையோ தேடிப் போன நாளில் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியரைப் புரட்டினேன். 1896இல் திண்டுக்கல் பக்கம் கள்ளர் சாதியார் பார்த்துவந்த ஊர்க்காவலுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி அதில் விவரிக்கப்பட்டிருந்தது. தொடங்கியவர் ஆடு வளர்க்கும் இடையர் சாதிக்காரர். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று சத்தியம் செய்தார்கள். மாடு களவு போனவனுக்கும் வீடு எரிந்தவனுக்கும் ஈடு கொடுக்க ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு நிதி சேர்த்தார்கள். களவு நடந்தால் கொம்பு ஊத வேண்டும், கேட்ட ஊர்க்காரர்கள் ஓடிவர வேண்டும். நிதிக்கு அங்கே இருந்த ஆங்கிலச் சொல்லை வாய்விட்டு வாசித்தபோதுதான் உறைத்தது. 'ஃபண்ட்' என்பதைத் தமிழ் வாய் எப்படிச் சொல்லும்? பண்டு. பெரியவர் சொன்னது பண்டுக் காலம். என் நோட்டில்தான் அது பண்டைக்காலமாகியிருந்தது.

சரி, விவசாயிகள் கள்வரை விரட்டினார்கள், கதை முடிந்தது என்று மூடியிருக்கலாம். ஒரு கேள்வி விடவில்லை. எதற்காக முதலில் அவர்களையே காவலுக்கு வைத்தார்கள்?

பின்னோக்கிப் போனேன். 1929இல் வெளியான புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது ஒரு வரி. பிற்பாடு, நாடு கலங்கிக் கிடந்த காலத்தில், ஊரார் கூடித் தங்கள் பாடிகாவல் உரிமையை அரையர் எனப்பட்ட தலைவர்களுக்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவன் ஊரைக் காப்பான். அதற்கு விளைச்சலில் பங்கு பெறுவான். கோயில் சுவரில் வெட்டி வைக்கும் அளவுக்கு இது வெளிப்படையான கொடுக்கல் வாங்கல்.

மதுரைப் பக்கம் நடந்த குடிகாவலும் அடிப்படையில் இதுதான். காவல்காரருக்குக் களத்துமேட்டில் தானியம் அளந்து கொடுப்பார்கள். ஊரில் களவு போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேலே பாளையக்காரர்களின் தேசகாவல் என்று ஒன்று இருந்தது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் அவர்களுடைய காவல் அதிகாரத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆவது ஒழுங்குவிதி ஊர்த் தலைவரையும் தலையாரியையும் போலீஸ் வேலைக்குக் கொண்டுவந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் வந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் போலீஸ் திருடனைப் பிடிக்கும், கோர்ட்டுக்குக் கொண்டுபோகும். போன மாட்டுக்கு விலை கொடுக்காது. உழவு நேரத்தில் ஒரு ஜோடி மாடு காணாமல் போனவனுக்கு வேண்டியது மாடு. தீர்ப்பு அல்ல. அதனால் சட்டம் என்ன சொன்னாலும் ஊர்கள் பழைய காவலுக்குத் தானியம் அளந்துகொண்டே இருந்தன.

கோளாறும் இங்கேதான். சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளிலும் கெசட்டியரிலும் 'துப்புக்கூலி' என்ற சொல் வருகிறது. மாட்டைப் பறிகொடுத்தவன் ஒரு தரகரைப் பிடிப்பான். கூலி பேசி முடித்தால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். துப்புக் கண்டுபிடித்ததற்குக் கூலியா, திருடியதற்குக் கூலியா? அதிகாரிகள் இரண்டாவதைத்தான் எழுதினார்கள். எல்லா நேரமும் அவர்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காவலை நிறுத்தியவன் வீட்டில் களவு போவதும் படப்பு எரிவதும் ஓர் ஊரில் மட்டும் கட்டிவிட்ட கதையாக இருக்க முடியாது. பண்டு கட்டிய சம்சாரியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அதிகாரிகள் அதோடு நிற்கவில்லை. 'கள்ளர்' என்ற சாதிப் பெயரை அகராதியில் பார்த்து அதையே சாட்சியாக்கினார்கள். 1868இல் மதுரைக் கையேடு எழுதிய ஜே. எச். நெல்சன் தொடங்கித் தர்ஸ்டன் வரை ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாள்வதைப் பார்க்கலாம். ஐந்து புத்தகம் சொல்கிறதே என்று நம்பினால், மூலம் ஒன்றுதான் என்று பிறகு தெரியும். இந்தச் சங்கிலியைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். 1978இல் வந்த அவருடைய கட்டுரையை வாசித்த பிறகு கெசட்டியரை மறுபடி எடுத்தேன்.

இரண்டாவது வாசிப்பில் தெரிந்தது இது. பண்டுக்காரர்கள் காவலை ஒழிக்கவில்லை, காவல்காரரைத்தான் ஒழித்தார்கள். எல்லாரிடமும் வசூல், களவு போனால் ஈடு: குடிகாவலின் அதே இரண்டு நிபந்தனைகள். போலீஸ் கொடுக்காத ஈட்டைத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. தீவைப்பும் அடிதடியும் நடந்தன. பல ஊர்களில் காவல்காரக் குடும்பங்கள் வீடு நிலத்தை விட்டு வெளியேறின. தலைமுறையாக அளந்து வாங்கிய தானியம் ஒரு போகத்தில் நின்றுபோனவர்கள் அவர்கள். அவர்கள் தரப்புச் சொல்லைக் கெசட்டியர் பதிவு செய்யவில்லை.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒருவர் செய்த களவுக்காக அல்லாமல் பிறந்த சாதிக்காகப் பெயரைப் பதிந்து, கைரேகை எடுத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதிவுக்கு மறுத்த கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. இதைக் களவைத் தடுத்த சட்டம் என்று எழுத என் கை வராது.

பெரியவரைப் பார்க்க மறுபடியும் போனேன். அவர் இல்லை. பேரன் பரணில் ஏறித் தேடினான். கொம்பு கிடைக்கவில்லை, பழைய எடைக்குப் போயிருக்கும் என்றான்.

எனக்கு இன்னும் வேண்டியது துரைமார் கை படாத காகிதம். திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் வீட்டில் காவல் சம்பந்தமான ஓலையோ, பண்டு வசூல் எழுதிய கணக்கு நோட்டோ, நெளிந்த பித்தளைக் கொம்போ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பண்டு கட்டியவர் வீடானாலும், விரட்டப்பட்டவர் வீடானாலும், ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.