கரிசல் காட்டில் சீமைக் கார்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இரண்டு பக்கமும் கரிசல் நிலம், சீமைக் கருவேலம், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கும் குண்டாறு. வானம் பார்த்த பூமி! இந்த ஊர்களுக்கு ரயில் வந்ததே 1963-64ல்தான். விருதுநகர் - அருப்புக்கோட்டை - மானாமதுரை பாதை அப்போதுதான் திறக்கப்பட்டது. ஆனால் மோட்டார் வண்டி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டது. தென் மாவட்டக் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் காரை "பிளஷர்" என்று சொல்வதைக் கேட்கலாம். வாடகைக்கு ஓடாமல் சொந்த உல்லாசத்துக்கு வைத்திருக்கும் வண்டி என்ற ஆங்கிலச் சொல்லின் மிச்சம் அது.

வேறு நாட்டில் செய்த காரை வாங்கி, ஊர் கொண்டுவந்து சேர்த்து, அரசாங்கத்தில் பதிவு செய்து, நம்பர் வாங்கி ஓட்டுவது. கேட்க எளிதாகத் தெரியும் இந்த வேலைக்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

கப்பலில் வந்த வண்டி

சென்னையில் 1894ஆம் ஆண்டிலேயே கார் ஓடியதாகச் சொல்வார்கள். அதன் சொந்தக்காரர் பாரி கம்பெனியைச் சேர்ந்த யார்க். சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு எம்.சி.-1 என்ற எண் கிடைத்தது. சென்னையின் புகழ்பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் பிரெஞ்சுக் காருக்கு எம்.சி.-3.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் செய்யும் தொழிற்சாலை கிடையாது. எல்லாமே சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. இங்கிலாந்துக் கார்கள் நல்ல சாலைக்காகச் செய்யப்பட்டவை, தரைக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். அமெரிக்க வகைக் கார்களோ நன்றாக உயர்ந்து நிற்கும். வண்டித் தடத்திலும் ஆற்று மணலிலும் ஓட்ட வேண்டிய ஊர்க்காரர்களுக்கு எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை! இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு கார்கள் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. கனடாவிலிருந்து வந்தன. பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்த நாடுகளின் சந்தையைக் கனடா ஃபோர்டு கம்பெனிதான் கவனித்துக்கொண்டது.

1928ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஓர் ஆலை தொடங்கியது. அங்கே கார் செய்யப்படவில்லை, பெட்டிகளில் பாகம் பாகமாக வந்த காரைப் பூட்டி விற்றார்கள். சில ஆண்டுகளில் ஃபோர்டும் அதே வழிக்கு வந்தது.

மதுரை வழியாக

தெற்குச் சீமைக்கு மோட்டார் என்றால் மதுரைதான் வாசல். திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் மதுரையில் தன் தொழிலைத் தொடங்கினார். பஸ் விட்டார், பிறகு கார், லாரி விற்பனை, உதிரிப்பாகம், பட்டறை என்று அது வளர்ந்தது. மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் கிழித்ததால், சாலையில் கிடக்கும் ஆணியைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை அவர் ஓட்டச் செய்தார் என்பது அந்தக் காலச் செய்தி. மாட்டு வண்டியும் மோட்டாரும் ஒரே சாலையைப் பங்கு போட்டுக்கொண்ட நாட்களுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன். வண்டிகள் நின்றன. அப்போது மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் "கேஸ் பிளான்ட்" நாடு முழுவதும் பரவியது. டி.வி.எஸ். நிறுவனமும் ஒன்றை வடிவமைத்துச் செய்து விற்றது. பஸ்ஸின் பின்புறம் ஒரு பெரிய உருளை, அதில் கரி, காற்றடிக்க ஒரு துருத்தி. காலையில் வண்டி கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே கரியை மூட்ட வேண்டும். மேட்டில் ஏற மூச்சு வாங்கும். ஆனாலும் ஓடியது!

நம்பர் பிளேட் சொல்லும் கதை

1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம்தான் நாடு முழுமைக்கும் பொதுவான முதல் சட்டம். அதன் பிறகு 1939ல் வந்த சட்டம் அரை நூற்றாண்டு நின்றது. அந்தக் காலத்தில் சென்னை மாகாண வண்டிகளில் எம்.டி., எம்.எஸ். என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்கள் இருந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் "டி.என்." என்ற எழுத்தும் மாவட்ட எண்ணும் சேர்ந்த இன்றைய முறை வந்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985ல் புதிய காமராஜர் மாவட்டத்துக்குள் வந்தன. இன்று அது விருதுநகர் மாவட்டம், எண் டி.என். 67.

நம்பர் பிளேட் வெறும் தகடு என்று நினைத்துவிடக் கூடாது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 1957 முதல் வண்டி எண்ணில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958ல் அந்த எழுத்தோடு அரசு பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது தமிழர்கள் அதை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கே தமிழ் எழுத்துகள் தாரால் பூசப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம் வெடித்த கலவரத்துக்கு முந்தைய பதற்றத்தில் இந்த ஒற்றை எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று பழைய கார் பிரியர்கள் ஆசையாகத் தேடும் "ஸ்ரீ" எண் வண்டிக்குள் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

கதவு மூடியது

விடுதலைக்குப் பிறகு அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. முழுதாகச் செய்த கார்களின் இறக்குமதி 1949 முதல் இறுக்கப்பட்டது. உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் 1950களின் தொடக்கத்தில் வெளியேற வேண்டியதாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்படித்தான் போயின. சென்னை எண்ணூரில் 1948ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. அதுவே பின்னர் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது.

ஆக, ஊரில் இருந்த சீமைக் காருக்கு மாற்று இல்லை. உதிரிப்பாகமும் இல்லை. அப்புறம் எப்படி ஓடின? பதில் மெக்கானிக்குகளின் கையில் இருந்தது. கடையில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். வேறு வண்டியின் கியர் பாக்ஸைப் பொருத்தினார்கள். பெட்ரோல் குடிக்கும் பெரிய அமெரிக்க இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அதே ஆஸ்டின், மோரிஸ் கார்களைக் கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பஞ்சம் பழகிய மக்களுக்கு எதையும் தூக்கிப் போடத் தெரியாது.

வெளியே போன கார்கள்

கார் உள்ளே வருவது நின்ற காலத்தில், வெளியே போவது தொடங்கியது. 1960களில் சமஸ்தானத்து அரண்மனைகளில் தூங்கிய ரோல்ஸ் ராய்ஸ்களைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். 1971ல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்டது. விலைக்குப் போன கார்கள் கப்பலேறின. 1972ல் மத்திய அரசு பழங்காலக் கார்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அந்தத் தடை இல்லையென்றால் இன்று பார்க்கவே பல வண்டிகள் மிஞ்சியிருக்காது.

எதிர்த் திசையிலும் ஒரு சிறு வாசல் உண்டு. சாதாரணமாக மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் 1950க்கு முன் செய்த வண்டிகளுக்கு விலக்கு இருந்தது. 2025ல் அது 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் என்று தளர்த்தப்பட்டது.

கட்டி இழுத்தல்

வாங்கிய பழைய கார் ஓடாது என்றால்? மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், அப்போது மாடு பூட்டி இழுப்பதுதான் வழி. ஆனால் சட்டம் வேறு மாதிரி இருந்தது. 2017 வரை நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள்படி, பழுதான வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குத்தான் இழுத்துப் போக முடிந்தது. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று இருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. இழுக்கப்படும் வண்டியிலும் ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் "அருகிலுள்ள பட்டறை" என்ற வரம்புக்குள் வராது. லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே முறை.

வி.ஏ. எழுத்து

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் சேரும். எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் "வி.ஏ." என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் ரூ. 20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு ரூ. 5,000. உள்நாட்டு வண்டிக்குப் பழைய ஆர்.சி. வேண்டும், இறக்குமதி வண்டிக்குச் சுங்கத்துறை ரசீது வேண்டும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது ஆகியவற்றுக்கு ஓட்டலாம். தினசரிப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் இதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு, ஆர்.சி. கிராமத்து வீடுகளில் கார் தாத்தா பெயரில் இருக்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நிலப் பட்டாவை மாற்ற அலையும் குடும்பம், ஓடாத காரின் காகிதத்தை யார் நினைப்பார்கள்? அது கரையானுக்குப் போன பிறகு, கார் இருந்தும் கார் இல்லை.

இரண்டாவது முடிச்சு இன்னும் கடினமானது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அரண்மனைத் தூசியில் பத்திரமாக நின்ற கார் இதில் எளிதாகத் தேறும். டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஆள் ஏற்றிக் கரிசல் காட்டில் ஐம்பது ஆண்டு உழைத்த கார் தேறாது. எந்த மாற்றம் அதை உயிரோடு வைத்ததோ, அதே மாற்றம் அதன் பெருமையைப் பறிக்கிறது.

அப்படித் தேறாத காரும் சாலையில் ஓட வேண்டுமென்றால் சாதாரண வண்டி போலப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணமே ரூ. 80,000, அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான். மற்றபடி மிஞ்சுவது பழைய இரும்புக் கடையின் தராசு.

கோயம்புத்தூரில் 2015ல் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அழகான கார்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. ஒட்டுப்போட்ட கார்களுக்கு அப்படி யாரும் இல்லை. வீட்டு ஷெட்டில் அப்படி ஒன்று நிற்கும் நண்பர்கள், இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சேசிஸ் எண்ணை எழுதி வையுங்கள், பரணில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள், எந்த மெக்கானிக் எந்த இன்ஜினை எப்போது மாற்றினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி போனாலும் அந்தக் கதை மிஞ்சும்.